ஏறினாரா, ஏற்றுக்கொள்ளப்பட்டாரா?

ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவை ஆங்கிலத்தில் 'அசென்ஷன்' என்பர். ஆகஸ்ட் 15 இல் மடுத் திருத்தலத்தில் நாம் கூடிக் கொண்டாடும் அன்னையின் விண்ணேற்பு விழாவோ 'அசம்ஷன்'. ஒலியால் நெருங்கிய இவ்விரண்டையும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் மாற்றிச் சொல்வதுண்டு. பெற்றோரும் அதற்கு விலக்கல்லர்!

முன்னையது 'அஸ்செந்தெரே' எனும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மேல்நோக்கி ஏறுதல் என்பது பொருள். அதனுள் இருக்கும் 'ஸ்கந்தெரே' என்ற சொல்லிலிருந்தே ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா' எனும் பெயரும் பிறந்தது. யாக்கோபு கனவிற் கண்ட ஏணிக்கு வுல்காத்தா எனப்படும் இலத்தீன் விவிலியம் வழங்கும் சொல் அதுவே. 'அசம்ஷன்' என்பதன் மூலமான 'அஸ்ஸூமெரே', தன்னிடம் எடுத்துக்கொள்ளுதலைக் குறிக்கும். தமிழும் இவ்வேறுபாட்டை அழகாகக் காக்கிறது: ஏறுவது ஏற்றம், ஏற்பது ஏற்பு.

ஆகவே, இயேசு தம் வல்லமையால் ஏறினார், அன்னை இறைவனால் எடுத்துக்கொள்ளப்பட்டார் என விளக்குகிறோம். அன்னை ஆன்மாவோடும் உடலோடும் விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைத் திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் 1950 நவம்பர் 1 இல் விசுவாசக் கோட்பாடாகப் பிரகடனம் செய்தார். விளக்கம் சரியானதே. ஆயினும் விவிலியம் அத்துடன் நின்றுவிடவில்லை.

உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவிடம் தந்தையிடம் ஏறிச் செல்வதாகவே கூறுகிறார் (யோவான் 20:17). ஆனால் திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம் அந்நிகழ்வை விவரிக்கையில், அவர் உயர்த்தப்பட்டார், எடுத்துக்கொள்ளப்பட்டார் என்றே உரைக்கிறது. அங்கே வுல்காத்தா கையாளும் வினை, அன்னைக்குரியதென நாம் ஒதுக்கிவைத்த அதே 'அஸ்ஸூமெரே'! சிலுவைச்சாவுவரை தந்தைக்குக் கீழ்ப்படிந்த மகன், தம் மகிமையையும் அத்தந்தையின் கையிலிருந்தே பெற்றுக்கொள்கிறார்.

நோயில் பூசுதல் கொடுக்கச் செல்லும் குருக்கள் அடிக்கடி கேட்கும் ஏக்கம் ஒன்றுண்டு: "சுவாமி, மோட்சம் போக நான் என்ன புண்ணியம் செய்தேன்?" வாழ்நாள் முழுவதும் செபமாலை சொன்னவர்களும் இப்படிக் கலங்குகிறார்கள். தங்கள் ஏணியில் எத்தனை படி குறைகிறது என்று எண்ணுகிறார்கள். இறைமகனே எடுத்துக்கொள்ளப்பட்டார் என்றால், எழுந்து நிற்கவும் இயலாத இவர்கள் தாமாக ஏறியாகவேண்டும் என்று யார் சொன்னது?

அவ்வதிகாரத்தில் 'ஏறினார்கள்' என்ற வினையும் வராமலில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற சீடர்கள், ஒலிவ மலையிலிருந்து எருசலேமுக்குத் திரும்பி, மரியாவோடும் மற்றவர்களோடும் செபிக்க மேல்மாடி அறைக்குச் சென்றார்களே, அந்த மாடிப்படிக்குத்தான் அது வருகிறது.