கொட்டிக் கவிழ்க்கும் செல்வம்

மைசூர் அரண்மனைக்கு அருகே உள்ள அக்ரஹாரத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று இடிபட்டால், முதலில் விலை போவது தேக்குத் தூண்களும் கதவுகளும். அடுத்தது செங்கல். சுண்ணாம்புக் காரை மென்மையானது என்பதால் கல் உடையாமல் பிரிந்து வரும். மிச்சம் லாரியில் ஏறுகிறது. பெரும்பாலும் அது போய்ச் சேருமிடம் ரிங் ரோட்டின் ஓரம் அல்லது ஏதாவது ஏரிக்கரை.

இந்த அலட்சியம் மைசூருக்குப் பொருந்தாதது. நகருக்கு வடமேற்கே காவிரியைத் தேக்கி நிற்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையே செங்கல் பொடியை நம்பி எழுந்ததுதான். 1911-ல் வேலை தொடங்கியபோது சிமென்ட் விலை உயர்ந்த இறக்குமதிச் சரக்கு. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்பில் கலந்த 'சுர்க்கி'தான் கை கொடுத்தது. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலும் அதே கலவைதான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் வினைபுரிவதால், தண்ணீருக்குள்ளும் அது இறுகும்.

ராய்ச்சூர் போன்ற அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலுக்கும் இதே குணம் உண்டு. சிமென்ட்டில் சாம்பலை 35 சதவீதம் வரையிலும், இரும்பாலைக் கசடை 70 சதவீதம் வரையிலும் சேர்க்க இந்தியத் தர விதிகள் இடமளிக்கின்றன. லாபம் காசில் மட்டுமல்ல. உலகின் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு கிளம்புவதால், எரிபொருளை மாற்றினால் மட்டும் அது அடங்கிவிடாது.

ஜல்லிக்கும் மாற்று உண்டு. பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைச் சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதமும், எம்-25 தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதமும் சேர்க்கலாம் என்று 2016-ல் திருத்தப்பட்ட விதி அனுமதித்தது. செங்கல் கலந்த இடிபாட்டுக்கு வலுக் குறைந்த கான்கிரீட்டில் மட்டுமே இடம். இந்த வரம்புக்குக் காரணம் இருக்கிறது. காரை ஒட்டிய பழைய ஜல்லி தண்ணீரை அதிகமாக உறிஞ்சும்; முன்பே நனைக்காமல் கலந்தால் கலவை வறண்டுபோகும்.

டெல்லி புராரியில் 2009-லேயே இடிபாட்டை அரைத்துப் பயன்படுத்தும் ஆலை வந்துவிட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பின்னர் அமைந்தன. ஆனால் மண், மரம், பிளாஸ்டிக், ஜிப்சம் பலகை எல்லாம் ஒரே லாரியில் விழுந்தால் எந்த ஆலையும் நல்ல ஜல்லி தராது. இடிக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கழிவை உண்டாக்குபவர் மீதே மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதிகள் சுமத்தின.

அக்ரஹாரத்தில் இன்று எழும் மாடிக் கட்டிடங்களும் ஒருநாள் இடிபடும். சிமென்ட் பிடித்த செங்கல் அப்போது முழுதாகக் கழன்று வராது. பிரித்து இடிக்கும் பழக்கம் அதற்குள் வந்திருந்தால் அது ஜல்லியாகும். வராவிட்டால் இன்னொரு ஏரிதான் தூர்ந்துபோகும்.