ஓய்வுக்குப் பின் ஒரு கடைசற் பட்டறை

உத்தியோகத்தினின்று ஓய்வு பெறுவோர்க்கு உற்றாரும் ஊராரும் தவறாது கூறும் புத்திமதி ஒன்றுண்டு. "இனியாவது ஆறியிருங்கள்" என்பதே அது. ஆறியிருத்தல் நன்றே. ஆயினும், இளமையில் இரும்பையும் உருக்கையும் அளந்து பழகிய கைகள் நெடுநாள் வெறுமனே இருக்கப் பொறுப்பதில்லை. பட்டறையிற் பயின்று, நடுவயதில் மேசைக்கும் கோப்புக்கும் உரியவராகி, ஓய்வின் பின் மீண்டும் கடைசற் பொறியின் முன் வந்து நின்ற பழைய மாணவருள் நாமும் ஒருவர். அவ்வாறு மீள்வோர் முதலில் எதனைச் செய்தல் வேண்டும், எதனை வாங்குதல் வேண்டும், எதனை வாங்காது விடுதல் வேண்டும் என்பவற்றை எமது பட்டறிவு கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓய்வுகாலப் பணம் ஒருமுறை செலவானால் மீண்டு வாராது. ஆதலின் இவ்விளக்கம் பயனற்றதாகாதென நம்புகின்றோம்.

கடைசற் பொறியின் தத்துவம் எளிது. வேலைப்பொருள் சுழலும், வெட்டும் ஆயுதம் அதன் அச்சுக்கு இணையாகவோ குறுக்காகவோ நகரும். சுழற்சியையும் நகர்ச்சியையும் பற்சக்கரங்களால் இணைத்துவிட்டால் திருகுப்புரி வெட்டலாம். 1800 ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலே ஹென்றி மோட்சிலி என்பார் இவ்வமைப்பை உறுதியான உலோகச் சட்டத்தில் அமைத்துச் செம்மைப்படுத்தினார். எமது சிறு பட்டறையில் இருப்பது மைஃபோர்ட் எம்.எல்.7 என்னும் பொறி. 1946 இல் வெளிவந்த இவ்வினம் நொட்டிங்காமை அடுத்த பீஸ்ரனில் ஆக்கப்பட்டது. மைய உயரம் மூன்றரை அங்குலம். இரு மையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் இருபது அங்குலம். அதனை ஆக்கிய தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டது. பொறிகளோ இன்றும் பல நாடுகளில் உழைக்கின்றன. எமதும் பலர் கைமாறி வந்ததே.

பழைய பொறியைக் கண்டதும் அதற்குப் புதிய அணிகலன் பூட்டும் ஆசை எழுதல் இயல்பு. எமது முதற் பிழையும் அங்கேதான் நேர்ந்தது. வீட்டு மின்சாரம் ஒற்றை அவத்தை 230 வோல்ற்று ஆகும். மூவவத்தை மோட்டரை அதில் ஓட்டவும், பட்டியை மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வல்ல மீடிறன் மாற்றி ஒன்றை முதல் மாதத்திலேயே வாங்கிப் பூட்டினோம். பொறியை விரைவில் நிறுத்த விரும்பி, நிற்கும் நேரத்தை ஒரு செக்கனாகக் குறைத்தும் வைத்தோம். மூன்றாம் நாள் நிறுத்தற் பொத்தானை அழுத்தியதும் மோட்டர் நின்றது, சக்கு நிற்கவில்லை. இப்பொறியில் சக்கு சுழல்தண்டின் புரியிலே திருகப்பட்டிருக்கும். வெட்டும் விசை அதனை இறுக்கும். சடுதியாக நிறுத்தினாலோ பின்னோக்கி ஓட்டினாலோ தன் உந்தத்தால் அது கழன்றுவிடும். கழன்ற சக்கு படுக்கையில் வீழ்ந்து ஏற்படுத்திய வடுவை இன்றும் காணலாம். கை அவ்விடத்தில் இல்லாதது எமது நல்லூழ். கருவி குற்றமுடையதன்று, பொறியை அறியுமுன் அதனைப் பூட்டிய அவசரமே குற்றமுடையது.

ஆகவே முதற்படி வாங்குதல் அன்று, சோதித்தலேயாம். படுக்கை முறுகி நின்றால் எத்துணை விலையுயர்ந்த கருவியும் உருளையைக் கூம்பாகவே கடையும். சோதனைக்குப் பணம் வேண்டா. ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் தடித்த உருக்குத் தண்டொன்றைச் சக்கில் இறுக்கி, 150 மில்லிமீற்றர் வெளியே நீளவிடுக. வாற்பகுதியால் அதனைத் தாங்கவேண்டா. நடுப்பகுதியைத் தாழக் கடைந்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் விடுக. பின்னர் ஆயுதத்தின் நிலையை மாற்றாது இரு வளையங்களையும் மெல்லிதாக ஒருமுறை வெட்டி, நுண்மானியால் அளக்க. விட்டங்கள் வேறுபடின், தேய்மானம் இல்லாதவிடத்து, படுக்கையின் வாற்பக்கக் காலின்கீழ் மெல்லிய தகடு செருகி வேறுபாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். எமது பொறியில் வேறுபாடு 0.04 மில்லிமீற்றராயிருந்தது. இரண்டு மாலைப்பொழுதுகளில் அது 0.01 ஆகக் குறைந்தது. செலவு சில தகட்டுத் துண்டுகளே.

இரண்டாவது படி சுழல்தண்டின் தாங்கிகள். எம்.எல்.7 இல் இவை வெள்ளுலோகத்தால் ஆனவை. தேய்ந்தவிடத்து, மூடியின்கீழ் உள்ள மெல்லிய தகட்டடுக்குகளை உரித்துத் தளர்ச்சியைச் சீராக்கலாம். எண்ணெய் துளித்துளியாய் இறங்குதல் இன்றியமையாதது.

மூன்றாவது படியிலேதான் பணப்பையைத் திறக்கவேண்டும். அதுவும் கண்ணின் பொருட்டு. இதனை நாம் உணர்ந்தது ஓர் அயலவரால். வெங்காயத் தோட்டம் செய்யும் அவருடைய நீர்ப்பம்பியின் வெண்கலப் புஷ் தேய்ந்து, பயிர் வாடத் தொடங்கியிருந்தது. புதிது கடைந்து தருவதாக வாக்களித்தோம். குறுக்குச் சறுக்கியின் வட்டில் ஒரு கோடு அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு. ஆயுதம் அவ்வளவு நகர்ந்தால் விட்டத்தில் இருமடங்கு மாறும். அன்றியும், கைப்பிடியைப் பின்னே திருப்பும்போது புரியின் தளர்ச்சி தீரும்வரை ஆயுதம் நகராது. இவை யாவும் அறிந்திருந்தும், மங்கிய கண் கோடுகளை மாறாக எண்ணிற்று. துளை பெரிதாயிற்று, வெண்கலம் வீணாயிற்று. படலையில் காத்துநின்ற அவ்வயலவருக்கு விடை சொல்ல நாணினோம். மறுநாள் எஞ்சியிருந்த சிறு துண்டில், ஒவ்வொரு வெட்டுக்கும் அளந்தளந்து, அரைநாளிற் செய்து கொடுத்தோம்.

அதன் பின்னரே இலக்கமுறை அளவுகாட்டியைப் பூட்டினோம். இது திருகின் சுற்றைக் கணிப்பதன்று. சறுக்கியோடு பொருத்திய அளவுச் சட்டத்தினின்று அதன் நிலையை நேரே வாசித்து, ஒளிரும் பெரிய எண்களாய்க் காட்டுவது. எமது சட்டம் 0.005 மில்லிமீற்றர் வரை பிரித்துக் காட்டும். திருகின் தளர்ச்சி இங்கு கணக்கை மயக்காது. ஆரையைக் காட்டுகின்றதா விட்டத்தைக் காட்டுகின்றதா என்பதை மட்டும் தொடங்குமுன் உறுதிசெய்தல் வேண்டும். முதுமையில் மீள்வோர்க்கு இதனினும் பயனுள்ள மேம்பாடு வேறில்லை என்பது எமது துணிபு.

நான்காவது படி மீடிறன் மாற்றி. நிற்கும் நேரத்தை நீட்டி வைத்தால் அது நல்ல துணையே. எனினும் மீடிறனைப் பாதியாக்கினால் மோட்டரின் முறுக்கம் ஏறத்தாழ மாறாதிருக்க, வலு பாதியாகும். மோட்டரோடு சுழலும் விசிறியும் மெதுவாதலின் வெப்பம் ஏறும். கனத்த வெட்டுக்குப் பட்டியை மாற்றுதலே முறை. மாற்றிக்கும் மோட்டருக்கும் இடையே ஆளி வைத்தலும் ஆகாது.

இறுதியானது ஆயுதம். இன்று காபைட்டு முனைகள் மலிந்துள்ளன. மென்னுருக்கை அதிவேக உருக்கால் நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவிலும், காபைட்டால் 100 மீற்றர் அளவிலும் வெட்டலாம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டுக்கு முன்னது நிமிடத்துக்கு ஏறக்குறைய 320 சுற்று. பின்னது 1,270 சுற்று. எமது பழைய பொறியின் உச்ச வேகமோ 640 சுற்றே. ஆதலின் கல்லில் தீட்டிய அதிவேக உருக்கே அதற்கு இயைந்தது. ஆயுதத்தை நொடியில் மாற்றி, உயரத்தை ஒரு திருகால் ஒழுங்குசெய்யும் ஆயுதத் தாங்கி வாங்கத்தக்கது.

பாதுகாப்பு யாவற்றிலும் தலையாயது. சால்வை, நீண்ட கை, மோதிரம், கையுறை இவை சுழலும் பொறிக்கு அருகில் ஆகா. சக்குச் சாவியினின்று கையை எடுக்குமுன் சாவியைச் சக்கினின்று எடுத்துவிட வேண்டும். களைத்தபோது ஆளியை அணைத்தல் இழுக்கன்று.

இப்பொழுது சனிக்கிழமைகளில் அயலிலுள்ள மாணவர் இருவர் வருகின்றனர். அங்குலத்துக்கு எட்டுப் புரியுள்ள திருகைக்கொண்டு மில்லிமீற்றர்ப் புரி வெட்ட 127 பற்களுள்ள சக்கரம் எதற்கு என ஒருவன் வினவினான். 1959 இல் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்று வரையறுக்கப்பட்டதையும், அதனை ஐந்தால் பெருக்கினால் 127 ஆதலையும் கூறினோம். அவன் தானே தாளில் பெருக்கிப் பார்த்துத் தலையசைத்தான். கணினியால் இயங்கும் பொறிகள் மலிந்த இக்காலத்தும், வெட்டும் உலோகத்தின் ஓசையைக் கேட்டு வேகத்தை அறியும் செவியை ஒருவர் அருகில் நின்றே பெறுதல் வேண்டும். கண் மங்கினால் அளவுகாட்டி உண்டு. கை அறிந்ததை மற்றொரு கைக்கு மாற்ற விலைக்கு வாங்கும் கருவி இல்லை. ஓய்வு பெற்ற பழைய மாணவரே, பூட்டிக் கிடக்கும் உமது பட்டறைக் கதவைத் திறவுங்கள். திறக்கும்போது ஒரு மாணவனையும் உடனழைத்துச் செல்லுங்கள்.