பாறையைத் தின்று மண்ணாக்கும் கல்பாசி இனம்

மளிகைக் கடையில் மசாலாவுக்கு வாங்கும் கல்பாசியைத் தெரியாதவர் இல்லை. பெயர்தான் பாசி. உண்மையில் அது ஒரு பூசணமும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது; பூசணம் இடமும் ஈரமும் கொடுத்துக் காக்கிறது. இவ்வினத்துக்கு லைக்கன் என்று பெயர்.

தென் துருவத்திலுள்ள அண்டார்டிகா கண்டத்தில் பூக்கும் செடிகள் இரண்டே வகைதான். லைக்கன்களோ சுமார் 400 வகை உண்டு. வெறும் பாறையில் மண்ணுக்கு முதல் பிடி போடுவது இவைதான்.

அங்கே மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் என்ற பகுதி இருக்கிறது. மழையே கிடையாது. கோடையிலும் காற்று பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான். பாறையின் மேல் எதுவும் தங்க முடியாததால், லைக்கன் மணற்கல்லுக்கு உள்ளேயே குடியேறிவிட்டது! இம்ரே பிரீட்மன் என்ற விஞ்ஞானி 1982-ல் இதை விரிவாக வெளியிட்டார். மணற்கல்லில் நுண்ணிய துளைகள் உண்டு. சில மில்லிமீட்டர் ஆழம் வரை வெளிச்சம் போகும். வெயில் பட்ட கல் காற்றைவிடச் சூடேறும். மேலே விழுந்த பனி உருகிக் கசியும் ஈரம் அதற்குப் போதும்.

உள்ளே இருந்துகொண்டு லைக்கன் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. புளியாரைக் கீரையின் புளிப்புக்குக் காரணமும் இதே அமிலம்தான். மணல் துகள்களைப் பிணைத்திருக்கும் இரும்புச் சத்தை அது கரைக்கிறது. பிணைப்பு விட்டதும் மேல்தோல் தகடு தகடாகப் பெயர்ந்து விழுகிறது. லைக்கன் இன்னும் சற்று உள்ளே இறங்கி, மறுபடி வேலையைத் தொடங்குகிறது. துருச் சிவப்பான பாறையில் வெளுத்த திட்டுகள் தெரிந்தால், அண்மையில் தோல் உரிந்த இடம் என்று அறியலாம்.

பாறையின் மேல் வளரும் வகைகள் வேறு விதம். பூசண இழைகள் வெடிப்பில் நுழைந்து, நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கித் துகள்களைப் பெயர்க்கின்றன. வறண்ட பள்ளத்தாக்கில் அந்த மணலைக் காற்று அடித்துப் போகும். ஈரமான தீபகற்பப் பக்கத்தில் அது இடுக்குகளில் தங்குகிறது. மடிந்த லைக்கன் அதோடு மக்குகிறது. சில வகைகளில் கூட்டாளியாக இருப்பது, நெல் வயலுக்கு இடும் நீலப்பச்சைப் பாசியின் இனம். ஆகவே தழைச்சத்தும் சேர்கிறது. பின்பு பாறைப் பாசங்கள் வரும். அதன் பிறகே புல் வேரூன்றும்.

வேகம்தான் மிகக் குறைவு. அங்குள்ள சில லைக்கன்கள் 100 ஆண்டுகளில் ஒரு செ.மீ. கூடப் படர்வதில்லை.