மலைக்கு 450 மீட்டர், சரளைக்கு 1,824

மலைநாட்டில் மிதிவண்டிப் பயணம் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதைத்தான். அந்த ஓர் எண்ணைப் பார்த்தே போவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். மோட்டார் வண்டிகள் வராத சரளைப் பாதைக்கு அந்த எண் போதாது. சில பாதைகளில், மொத்தக் கணக்கிலேயே மிகச் சிறிய வரி அதுதான். நியூசிலாந்துத் தென்தீவில் உள்ள ஒட்டாகோ மத்திய ரயில் தடத்தை எடுத்து, வரி வரியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கிளைட் என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் வரை நீளம் 152 கிலோமீட்டர். 1879இல் தொடங்கிய ரயில் பாதை வேலை கிளைடை எட்டியபோது ஆண்டு 1907. கட்ட 28 ஆண்டு, அங்கிருந்து ரயில் ஓடியது 83 ஆண்டு. 1990இல் இந்தப் பகுதி மூடப்பட்டது, பிறகு தண்டவாளம் அகற்றப்பட்டது. 1993இல் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தைப் பெற்றது. பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் போட்டு, தடத்தில் சரளை பரப்பி, 2000 பிப்ரவரியில் முழுத் தடமும் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

ரயில் பாதை என்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. ஆகவே இந்தத் தடத்தில் எங்குமே 50 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் இல்லை. அதாவது 2 சதவீதம். பயிற்சி இல்லாத ஒருவர் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய மிதிசக்தி 70 வாட் அளவு என்று வைத்துக்கொள்வோம். ஆள் 70 கிலோ, வண்டி 12, பை 8, ஆக 90 கிலோ. 2 சதவீத ஏற்றத்தில் இவர் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போவார். மெதுவான வேகம்தான், ஆனாலும் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். 10 சதவீதம் ஏறும் காட்டுப் பாதையில் இதே ஆளின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அந்த வேகத்தில் வண்டி நிமிர்ந்து நிற்காது. இறங்கித் தள்ள வேண்டியதுதான். மலைநாட்டில் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் பழைய ரயில் தடங்களை முதலில் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி முக்கியமான கணக்கு. எல்லாச் செலவையும் ‘ஏற்ற மீட்டர்’ என்ற ஒரே நாணயத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். தடத்தின் உச்சி 618 மீட்டர். கிளைட் ஏறத்தாழ 170இல் இருக்கிறது. ஏற்றம் 450 மீட்டர் அளவு. மறுபுறம் மிடில்மார்ச் 200 மீட்டர் உயரத்தில். ஏறியதில் பெரும்பகுதி இறக்கத்தில் திரும்பி வந்துவிடும். சரிவு இவ்வளவு மென்மையாக இருப்பதால் பிரேக்கில் வீணாவது மிகக் குறைவு.

சரளை அப்படித் திருப்பித் தராது. கெட்டியான சரளையில் சக்கரம் உருளும் தடை, மொத்த எடையில் சுமார் 1.2 சதவீதம் எனக் கொள்ளலாம். 1.2 சதவீத ஏற்றத்தில் ஓயாமல் ஏறுவதற்கு இது சமம். 152 கிலோமீட்டருக்கு 1,824 மீட்டர் வருகிறது. நல்ல தார்ச்சாலையில் தடை அரை சதவீதம் என்றால் 760 மீட்டர். ஆக, லாரியும் காரும் இல்லாத அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை 1,064 மீட்டர் கூடுதல் ஏற்றம். அந்த விலை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் தடம் சாலையை விட்டு முழுக்க விலகி, பாறைகளுக்கு நடுவே 37 மீட்டர் உயரப் பாலத்தில் போகிறது. எந்தச் சாலையும் அங்கே கொண்டுபோய் விடாது. ஆனால் விலை இவ்வளவு என்று புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரியைக் குறைக்கவும் வழி உண்டு. 45 மில்லிமீட்டர் அளவுள்ள அகலமான டயரில், கல்லென்று காற்றடிக்காமல் 30, 35 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் டயர் சிறுகற்களை உள்வாங்கி உருளும். தடை 1.2இலிருந்து 1.0 சதவீதத்துக்கு இறங்கினாலே 304 மீட்டர் மிச்சம்.

சுமையைப் பற்றி எல்லோருக்கும் பயம். 5 கிலோ கூடுதலாக எடுத்துப் போனால், சமதளக் கணக்கில் முழுத் தடத்துக்கும் ஆகும் அதிகப்படி வேலை 90 கிலோஜூல்கூட இல்லை. உடல் தின்னும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான் மிதியில் சேர்கிறது என்பதால், மிதியின் ஒரு கிலோஜூலுக்குச் சாப்பாட்டில் ஏறத்தாழ ஒரு கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, 5 கிலோவுக்கு ஒரு வாழைப்பழம்! எடையைக் குறைக்கிறேன் என்று கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போவது இந்தப் பகுதியில் ஆபத்து. தடத்தில் இருக்கும் ரான்ஃபர்லியில் 1903இல் பதிவான வெப்பநிலை மைனஸ் 25.6 டிகிரி, நாட்டிலேயே மிகக் குறைந்த பதிவு அது. கோடையிலோ 30 டிகிரி தாண்டும். தடத்திலேயே உள்ள அலெக்சாண்ட்ராவில் ஆண்டு மழை 350 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் மழைக்கோட்டைவிடத் தண்ணீர்ப் புட்டிக்குத்தான் அதிக வேலை: மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர்.

கணக்கைப் புரட்டிப் போடுவது காற்று. அசையாத காற்றில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுத் தடை ஏறத்தாழ 900 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். சரளையோடு சேர்த்து 2,724. மிதிவேலை 2,400 கிலோஜூல், சாப்பாட்டில் 2,400 கலோரி, பத்து மணி நேரம். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், அதே சக்திக்கு வேகம் 9.6 ஆக இறங்கும். காற்றின் வரி 2,430 மீட்டராக வீங்கும். நேரம் 16 மணியை நெருங்கும், கலோரி 3,750. இங்கே யாரையும் களைப்படையச் செய்வது 618 மீட்டர் உச்சியாக இருக்காது, அதைக் கடந்த பிறகு முகத்தில் அடிக்கும் காற்றாகவே இருக்கும்.

மூன்று நாளாகப் பிரித்தால் கிளைடிலிருந்து லாடர் 44 கிலோமீட்டர், அங்கிருந்து ரான்ஃபர்லி 47, கடைசி நாள் 60 சொச்சம். முதல் பாதியில் அலெக்சாண்ட்ரா, சாட்டோ கிரீக், ஓமகாவ் என ஊர்கள் நெருங்கி வரும். எனவே சாப்பாட்டுப் பையைக் கனமாக்க வேண்டாம். வைபியாட்டா தாண்டியதும் ஊர்கள் அருகிவிடும். ஹைட் வரை சுமார் 24 கிலோமீட்டர், பிறகு மிடில்மார்ச் வரை 27. இந்த இரண்டு துண்டுகளுக்கும் அன்றைய உணவும் நீரும் கையிலேயே இருக்கட்டும்.

கைவிளக்கு கட்டாயம். பூல்பர்னில் இரண்டு சுரங்கங்கள், 201 மீட்டரும் 229 மீட்டரும். ஹைடுக்கு அருகே இன்னொன்று 152 மீட்டர். உள்ளே விளக்கு இல்லை. இறங்கித் தள்ளிப் போனால் நீளமானதைக் கடக்க மூன்று நிமிடம் சொச்சம்.

பருவத்தையும் எண்ணாகவே பாருங்கள். தடம் 45 டிகிரி தென் அட்சரேகையை ஒட்டி இருப்பதால் டிசம்பரில் பகல் பதினைந்தரை மணி நேரம், ஜூனில் எட்டே முக்கால். எதிர்காற்றில் அந்த 60 கிலோமீட்டருக்கு மிதிப்பது மட்டுமே ஆறேகால் மணி நேரம். டிசம்பரில் பரவாயில்லை. ஜூனில் என்றால் சாப்பாடு, சுரங்கம், பஞ்சர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்தான். அப்போது இரண்டாம் நாளை 57 கிலோமீட்டராக நீட்டி, இரவை ரான்ஃபர்லிக்குப் பதில் வைபியாட்டாவில் கழியுங்கள். கடைசி நாள் 51 ஆகச் சுருங்கும். எதிர்காற்று அடித்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குள் மிடில்மார்ச்.