ஹாரிஸா (ரலி) விட்டுக் கொடுத்த வீடு

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் பெரியவர்கள் சிலர் அமர்ந்து பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "நாங்கள் சிக்கனமாக இருந்தோம், மனை வாங்கினோம், வீடு கட்டினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் காசு நிற்பதில்லையே" என்ற பேச்சு அங்கே தவறாமல் எழும். நீங்களே அவ்வாறு சொல்லியிருக்கவும் கூடும். அருகே நிற்கும் இளைஞர் மரியாதை கருதி மறுமொழி கூறாமல் நகர்ந்துவிடுகிறார். அவர் கூறாமல் விட்டதை இன்று சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. வீடு தேடுவது உலகப் பற்று ஆகாது. மனிதனுடைய வீட்டை அவன் அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதைத் திருமறையின் 16-வது அத்தியாயம் 80-வது வசனத்தில் வல்ல இறைவன் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகிறான். மனைவிக்கு இருப்பிடம் அளிப்பதைக் கணவன்மீது கடமை என்றே நம் சட்ட நூல்கள் வகுத்துள்ளன. ஆகவே, திருமணத்துக்குப் பின் வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிற இளைஞர் கடமையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்.

கணக்குக்கு வருவோம். ஓர் ஊரில் சிறிய வீடு ஒன்றின் விலை 30 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். வாடகையும் வீட்டுச் செலவும் போக, மாதம் 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் இளைஞர் அத்தொகையைச் சேர்க்க 25 ஆண்டுகள் ஆகும். விலை அவருக்காகக் காத்திருக்குமா? ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே 12 ஆண்டுகளில் அது இரு மடங்காகிவிடும். அந்த 12 ஆண்டுகளில் அவர் சேர்த்தது 14 லட்சத்து 40 ஆயிரம். வீட்டின் விலையோ 60 லட்சம். தொடங்கும்போது 30 லட்சம் குறைவாக இருந்தவருக்கு, ஒழுங்காகச் சேமித்த பின்னர் 45 லட்சத்துக்கு மேல் குறைகிறது! கைப்பேசி வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள் என்று கடிந்துகொள்கிறோம். இரண்டாண்டுக்கு ஒரு முறை 30,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்குபவர் அதை அறவே நிறுத்தினாலும், அந்த மிச்சத்தில் இந்த வீட்டை வாங்க 200 ஆண்டுகள் வாழ வேண்டும். திருமணத்தன்று ஒரே வேளை விருந்தில் கரையும் லட்சங்கள் வேறு விஷயம். அவற்றைச் செலவிடச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தாம்.

முன்னோர் தலைமுறைக்கு வீடு எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பாட்டனார் மனையில் பங்கு கிடைத்தது. பலருக்கு 1973-ல் எண்ணெய் விலை ஏறியதை அடுத்து வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. சபர் சென்றவர்கள் வெயிலில் உழைத்தார்கள். குடும்பத்தைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அந்தத் தியாகத்தை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அன்று அனுப்பிய பணத்துக்கு ஊரில் மனை கிடைத்தது. எல்லாரும் ஒரே ஊரில், ஒரே தெருவில், பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே மனை தேடியதால் விலை ஏறிற்று. ஏற்றியதில் நம் பணத்துக்கும் பெரும் பங்குண்டு. அந்த ஏறிய விலையைத்தான் நம் பிள்ளைகள் இன்று கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்றச் சமூகத்து இளைஞருக்கும் இந்தச் சுமை உண்டு. நம் இளைஞருக்கு அதன்மேல் ஒரு சோதனையும் இருக்கிறது. 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். முடிவில் அவர் கட்டியிருப்பது ஏறத்தாழ 64 லட்சத்து 78 ஆயிரம். வாங்கிய அசலைக் காட்டிலும் வட்டி அதிகம். வணிகம் ஆகுமானது, வட்டி விலக்கப்பட்டது என்ற இறைக்கட்டளையை (2:275) அஞ்சி அந்த வாசலுக்கே செல்லாதவர், வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் பெட்டி படுக்கையுடன் மாறிக்கொண்டிருக்கிறார். வட்டியில்லா நிதி முறைக்கு இடமளிக்கலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. மலேசியாவிலோ 1983-லேயே இஸ்லாமிய வங்கி செயல்படத் தொடங்கிற்று. வங்கியும் வாங்குபவரும் வீட்டைக் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை வாங்குபவர் சிறுகச் சிறுகத் தமதாக்கிக்கொள்ளும் முறை அங்கு உண்டு. அங்கும் தவணை லேசானதன்று என்பதைப் பினாங்கில் உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள்.

ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்கள் வேறு வழியற்ற நிலையில் குடியிருக்க ஒரு வீட்டுக்கு மட்டும் வங்கிக் கடன் பெறலாம் என்று ஐரோப்பிய ஃபத்வா மன்றம் 1999-ல் கூறியதை இங்கும் சிலர் எடுத்துக் காட்டுகிறார்கள். அத்தீர்ப்பை ஏற்காத ஆலிம்கள் பலர். கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி இதில் முடிவெடுக்க வேண்டாம். உங்கள் நிலைமையை விளக்கி, உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேளுங்கள்.

வட்டிக்கு அஞ்சுபவர் பலர் ஒத்திக்குப் போகிறார்கள். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை என்று கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு மூன்றாண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, பிறகு அந்த ஐந்து லட்சத்தையும் முழுமையாகத் திரும்பப் பெற்றால், கொடுத்த கடனுக்கு வாடகையளவு ஆதாயம் கிடைத்துவிட்டதல்லவா? கடன் கொடுத்தவர் அக்கடனால் ஆதாயம் அடைவதும் வட்டியின்பாற்படும் என்பது மார்க்கச் சட்டத்தில் நன்கு அறியப்பட்ட விதி. பெயர் வேறாக இருப்பதால் பொருள் மாறிவிடாது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும், இலங்கையில் காத்தான்குடி முதலிய கிழக்குக் கரை ஊர்களிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது நெடுநாளைய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். இவ்வழக்கத்தை ஒரேயடியாகக் குறை கூற எனக்கு மனமில்லை. கணவனை இழந்த பெண்ணும், தலாக் ஆன பெண்ணும் இங்கே நடுத்தெருவில் நிற்பதில்லை. அவளுடைய வீடு அவளுடையது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவது யார்? வாப்பா முதுமையடைந்துவிட்டால் காக்காமார்தாம் கட்ட வேண்டும். மூன்று சகோதரிகளுள்ள ஓர் இளைஞர் 20 வயதில் சபர் போகிறார். ஒரு மனையை இரண்டாக்கி, அந்தப் பாதியின்மேல் மாடி எடுத்து, மூன்றாவது ராத்தாவுக்கும் வீடு முடிந்து நிமிரும்போது அவருக்கு நடுத்தர வயதாகிவிடுகிறது. பிறகு தம் மகளுக்காக மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

பெற்றோர் மனமுவந்து கொடுத்தால் அது அன்பளிப்பு. அதிலும் பிள்ளைகளிடையே நீதி வேண்டும். தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்க வேண்டிய பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவிய பெருமானார் (ஸல்) அவர்கள், இல்லையென்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், "எந்தத் தெரு? எத்தனை அறை?" என்று கேட்டு வாங்கினாலோ அதற்கு அன்பளிப்பு என்ற பெயர் பொருந்தாது. இருப்பிடம் தர வேண்டியவர், இருப்பிடம் கேட்கிறார்!

அன்பு வாசகர்களே! மதீனாவில் ஓர் இளம் தம்பதியருக்கு வீடு அமைந்த வரலாற்றை இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். அலீ (ரலி) அவர்கள் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தபோது கிடைத்த வீடு, பெருமானாரின் இல்லத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது. மகளை அருகில் வைத்துக்கொள்ள நாயகத்துக்கு ஆசை. பள்ளிவாசலுக்கு அருகே ஹாரிஸா பின் நுஃமான் (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்கு வீடுகள் இருந்தன; அவரிடம் கேட்கலாமே என்றார்கள் அன்னையவர்கள். ஹாரிஸா ஏற்கெனவே பலமுறை தமக்காக வீடு விட்டுக் கொடுத்திருப்பதால் மேலும் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றார்கள் பெருமானார் (ஸல்). செய்தி ஹாரிஸாவின் செவிக்கு எட்டிற்று. யாரும் வந்து கேட்பதற்கு முன் அவரே வீட்டைக் காலி செய்துவிட்டு நாயகத்திடம் ஓடி வந்தார். தம்மிடம் விட்டுவைக்கும் பொருளைவிட எடுத்துக்கொள்ளும் பொருளே தமக்கு விருப்பமானது என்று சொல்லி வீட்டை ஒப்படைத்தார்.

இங்கே கேட்பவர் வெட்கப்பட்டார், கொடுப்பவர் முந்திக்கொண்டார். நம் வீடுகளில் கேட்க வெட்கப்படும் பிள்ளைகள் நிறைய உண்டு. முந்திக்கொள்ளும் பெரியவர்கள் எத்தனை பேர்?

நம் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். சில, வெளியூரில் குடியேறியவர்களுடையவை. பெருநாளுக்கு மட்டும் திறக்கும். சில, வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகளாகியும் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கப்படாதவை. பங்கைத் தள்ளிப்போடுவதால் தங்கைக்கும் அநாதைப் பிள்ளைக்கும் சேர வேண்டியது முடங்கிக் கிடக்கிறது. மதீனாப் பள்ளிவாசலுக்கான நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே அதனைப் பெற்றார்கள்.

உங்களிடம் இரண்டாவது வீடொன்று இருந்து, சகோதரியின் மகனோ மருமகனோ வீடின்றி இருந்தால், அதை அவருக்கே தவணையில் விற்கலாம். விலையை முதலிலேயே ஒன்றாக நிர்ணயித்துவிட வேண்டும். பின்னர் தாமதத்துக்காக ஒரு ரூபாயும் கூட்டக் கூடாது. அவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தருமாறு 2:280 வசனம் பணிக்கிறது. உறவினர்தானே என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் 2:282 வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். மாதத் தொகை, முடிவுத் தேதி, இருவரில் ஒருவர் இடையில் மௌத்தானால் என்ன செய்வது என்பதையெல்லாம் இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன; 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அதை யார் கட்டுவது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.