எல்லைச் சிற்றூர்களின் மக்கட்கணக்கும் மொழிக்கணக்கும் – விஜயபுரம் பகுதியை முன்வைத்து

சித்தூர் மாவட்டத்தில் நகரிக்கு அருகே, திருத்தணியை ஒட்டி அமைந்த பகுதி விஜயபுரம். தொண்டைமண்டலத்தின் வடபகுதியான இங்குத் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக உடன்வழங்கி வருகின்றன. இத்தகைய சிற்றூர்களின் மக்கள்தொகையைக் கொண்டு மொழிநிலையை அறிய முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

புத்தூரும் திருத்தணியும் ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சார்ந்திருந்தன. 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுள் சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் யாவரும் அறிந்ததே. சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கர், ஊரை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சி, மொழிப்பெரும்பான்மை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டார். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்திற்கு வந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. ஓர் ஊர் எம்மாநிலத்தில் இருப்பது என்பதையே மொழிக்கணக்கு முடிவு செய்தது எனலாம். ஆதலின் அக்கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்னும் வினா வெறும் புள்ளியியல் வினாவன்று.

மக்கட்கணக்கெடுப்பின் விதிப்படி தாய்மொழி என்பது ஒருவரின் குழந்தைப்பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி. தாய் குழந்தைப்பருவத்திலேயே இறந்திருப்பின் வீட்டில் பெரிதும் வழங்கிய மொழி. எல்லையின் இருபுறமும் கொள்வினை கொடுப்பினை உள்ள இடத்தில் இவ்விதி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். திருத்தணிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த பெண் தன் பிள்ளையிடம் தமிழ் பேசினால், அப்பிள்ளை தெலுங்குப் பள்ளியில் பயின்று தெலுங்கிலேயே எழுதினும் கணக்கில் தமிழரே. இதன் மறுதலையும் நிகழும். ஒருவர் அறிந்த வேறிரு மொழிகளும் கேட்டுப் பதியப்படுகின்றன. எனினும் பொதுவாக எடுத்தாளப்படுவது தாய்மொழி எண்ணிக்கை மட்டுமே.

மற்றோர் இடர்ப்பாடு தொகுப்புமுறையில் உள்ளது. 2011 கணக்கெடுப்பில் மக்கள் கூறிய 19,569 பெயர்கள் 1,369 தாய்மொழிகளாகச் சீராக்கப்பட்டு, பின்னர் 121 மொழிகளாகத் தொகுக்கப்பட்டன. இத்தொகுப்பில் எருகல, கொரவ, கைக்காடி ஆகியவை தமிழின்கீழ் அடங்கும். ஆந்திர மாவட்டங்களில் எருகலர் பரவலாக வாழ்கின்றனர். ஆகவே அங்குத் ‘தமிழ்’ எனக் காணும் தொகை முழுவதும் நாம் கருதும் தமிழைப் பேசுவோர் தொகை ஆகாது. ‘தாய்மொழி’ப் பட்டியலைப் பாராமல் ‘மொழி’ப் பட்டியலை மட்டும் எடுத்தாளும் கட்டுரைகள் இப்பிழையைச் செய்கின்றன. மேலும், ஊர்வாரியாகக் கிடைக்கும் முதன்மைச் சுருக்கம் குடும்பம், ஆண், பெண், எழுத்தறிவு, தொழில் முதலியவற்றைத் தருமேயன்றி மொழியைத் தராது. படாஸ்கர் அலகாகக் கொண்ட ஊரின் அளவில் இன்று அச்சான மொழிக்கணக்கு நம் கைக்கு வருவதில்லை என்பது நகைமுரண்.

இந்நிலையில் பலர் ஊர்ப்பெயர்களைச் சான்றாக்க விழைவர். ‘விஜயபுரம்’ என்னும் பெயர் வடசொற்களால் ஆனது. எம்மொழிக்கும் தனிச்சான்று ஆகாது. இப்பகுதியில் மிகுதியாக வழங்கும் ‘கண்டிகை’ என்னும் ஈறு தெலுங்கில் ‘கண்ட்ரிக’ என வழங்கும். ‘பேட்டை’ ‘பேட்ட’ ஆகும். ஒரே ஊர் இருவகையாக எழுதப்படுவதால், ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இரண்டு ஊர்கள் எனக் கொள்வதும் உண்டு. ஆங்கில எழுத்துவழி வரும் பெயரை அப்படியே தமிழில் பெயர்க்கும்போது ‘கண்ட்ரிகா’ என்னும் மூன்றாம் வடிவமும் பிறந்துவிடுகிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டின் வடிவை முதலில் தந்து, உள்ளூர்த் தமிழ் வழக்கைப் பிறைக்கோட்டுக்குள் தருவதே தக்கது என்பது என் கருத்து.

பெயரோடு ஆட்சி அலகின் ஆண்டையும் குறித்தல் வேண்டும். 1985இல் ஆந்திரத்தில் வட்டங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இதனால் 2011 கணக்கின் ‘சித்தூர்’ மாவட்டமும் இன்றைய சித்தூர் மாவட்டமும் ஒன்றல்ல. இவற்றை ஒப்பிடுவோர் மாவட்டத் தொகையை விடுத்து, மண்டலத் தொகைகளைக் கூட்டியே பழைய எல்லையை மீட்டெடுக்க இயலும்.