சின்னஞ்சிறு மகிழ்ச்சிகள்



பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் நோக்கிச் செல்லும் சாலையில் காலை வேளையில் பயணம் செய்திருக்கிறீர்களா? ஆயக்குடியைக் கடக்கும்போது சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யாக் கனிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சில கனிகளின் காம்பில் இலை கூட வாடாமல் ஒட்டிக் கொண்டிருக்கும். கனியை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தருவார் அங்கு அமர்ந்திருக்கும் தாய். அண்மையில் ஒரு நாள், பள்ளிப் பையைத் தோளில் மாட்டிய சிறுமி ஒருத்தி அதில் ஒரு கீற்றைக் கடித்துவிட்டு, காரம் தாங்காமல் கண்களை மூடிச் சிரித்ததைக் கண்டேன். பேருந்துக்குக் காத்திருந்த பெரியவர்கள் நால்வரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டனர். பேருந்து வந்தது, அனைவரும் ஏறிச் சென்றனர். அவ்வளவுதான் நிகழ்ந்தது. எனினும் அன்று முழுவதும் என் மனம் இலேசாக இருந்தது.

மகிழ்ச்சி என்றதும் நாம் பெரிதாக ஏதோ ஒன்றை நினைத்துக் கொள்கிறோம். சொந்த வீடு கட்டிய பின், மகளுக்கு மணம் முடித்த பின், மகனுக்கு வேலை கிடைத்த பின், கடன் அடைந்த பின் மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று நாளைக் கடத்துகிறோம். அந்த நாள் வருவதற்குள் எத்தனை காலைகள், எத்தனை மாலைகள் நம் வாசலுக்கு வந்து, கவனிப்பாரின்றித் திரும்பிப் போகின்றன! இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு கொத்தனார். அவருடைய கதையை அவர் இசைவுடனேயே இங்கு எழுதுகிறேன்.

பரிசு விழட்டும், போகலாம்

நம் மாநிலத்தில் அரசுப் பரிசுச் சீட்டுத் திட்டம் 1968ஆம் ஆண்டு, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. நாளடைவில் பிற மாநிலச் சீட்டுகளும் சேர்ந்து கொண்டன. பேருந்து நிலையங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சீட்டு விற்ற காலம் நடுத்தர வயதினர் அனைவருக்கும் நினைவிருக்கும். எண்ணற்ற ஏழைக் குடும்பங்களின் அன்றாடக் கூலி அதில் கரைந்தது. இறுதியில் 2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழகத்தில் பரிசுச் சீட்டு விற்பனை முற்றிலும் தடை செய்யப்பட்டது.

நான் சொல்லும் கொத்தனார் கை நேர்த்தி மிக்கவர், குடிப்பழக்கம் அறியாதவர். ஆனால் மாலையில் கூலி கைக்கு வந்ததும் அவர் கால்கள் சீட்டுக் கடைக்கே செல்லும். அவருடைய மனைவி அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள் மாலை, வையாபுரிக் குளத்தங்கரையில் இருவரும் சற்று நேரம் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கித் தின்றுவிட்டு வர வேண்டும். அதற்கு அவர் சொல்லும் விடை எப்போதும் ஒன்றுதான்: “பரிசு விழட்டும், போகலாம்.”

ஒரு முறை பரிசும் விழுந்தது, பத்தாயிரம் ரூபாய்! வீட்டில் கொண்டாட்டம். ஆனால் அதன் பின் நேர்ந்ததுதான் வியப்பு. அதுவரை தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு ஆவலோடு பருகிய தேநீர் அவருக்குச் சப்பென்று ஆயிற்று. கட்டி முடித்த சுவரை இரண்டடி தள்ளி நின்று பார்த்து மகிழும் வழக்கமும் மறைந்தது. தனிச் சீட்டு வாங்கியவர் கட்டுக் கட்டாக வாங்கத் தொடங்கினார். பத்தாயிரம் சில மாதங்களில் கரைந்தது, பின்னர் மனைவியின் தோடும் போயிற்று, சைக்கிளும் போயிற்று.

அமெரிக்க நாட்டில் கண்ட உண்மை

நம் கொத்தனாருக்கு நேர்ந்தது அவருக்கு மட்டும் உரியதன்று. 1978ஆம் ஆண்டு பிரிக்மன் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர் இருவரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பரிசுச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், எதையும் வெல்லாத 22 பேரையும் அவர்கள் வினவினர். நண்பரோடு உரையாடுதல், காலை உணவு உண்ணுதல், நகைச்சுவை கேட்டல், பிறரிடம் பாராட்டுப் பெறுதல் போன்ற எளிய செயல்களில் எவ்வளவு இன்பம் காண்கிறீர்கள் என்பதே வினா. ஐந்துக்கு மதிப்பெண் இட்டபோது, எதையும் வெல்லாதவர்கள் சராசரியாக 3.82 அளித்தனர், வென்றவர்களோ 3.33 மட்டுமே அளித்தனர். பெரிய இன்பத்தைச் சுவைத்த நாவுக்குச் சிறிய இன்பம் சுவைக்கவில்லை!

இவ்வாய்வு மிகச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவீடன் நாட்டில் பரிசுச் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, பெரும் பரிசு வென்றோர் தம் வாழ்க்கையைக் குறித்துப் பல ஆண்டுகள் மனநிறைவோடு இருந்ததாகக் காட்டுகிறது. ஆயினும் அவர்களுடைய அன்றாட மகிழ்ச்சியில் அதன் விளைவு குறைவாகவே காணப்பட்டது. எனவே பணம் வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. அடுப்பில் உலை ஏறாத வீட்டில் போய், ‘பணத்தில் மகிழ்ச்சி இல்லை’ என்று போதிப்பது இரக்கமற்ற செயல். பசிக்குச் சோறும், நோய்க்கு மருந்தும், வேலைக்கு உரிய கூலியும் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அவை கிடைத்த பின்னும் வாழ்வு சுவைக்கவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

டீனர் என்னும் மற்றோர் அறிஞரும் அவருடைய உடன் ஆய்வாளரும் 1991இல் எழுதியது இங்கு நினைக்கத் தக்கது. ஒருவர் மகிழ்ச்சியானவரா என்பதை முடிவு செய்வது, அவர் அடைந்த இன்பம் எவ்வளவு பெரிது என்பதன்று. எத்தனை முறை அவர் இன்பமாக இருந்தார் என்பதே என்றார்கள். ஆண்டுக்கொரு முறை கொட்டித் தீர்க்கும் பெருமழையை விட, அவ்வப்போது பெய்யும் சிறு தூறலே பயிருக்கு உகந்தது என்று நம் வேளாண் பெருமக்கள் சொல்வதும் இதைத்தானே!

அரைப் பழத்தின் சுவை

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரிய வந்தது. மலைவாழைப் பழம் என்றால் எனக்கு உயிர். உணவுக்குப் பின் நான்கு பழங்களைப் பேசிக் கொண்டே விழுங்கிவிடுவேன். மருத்துவர் என் அளவை எழுதித் தந்தார்: நாளுக்கு அரைப் பழம்! நான்கு எங்கே, அரை எங்கே? முதல் வாரம் மருத்துவர் மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிறகு ஒரு நாள், அந்த அரைப் பழத்தை முதன் முறையாக மெதுவாகத் தின்றேன். சற்றே மஞ்சள் படர்ந்த சதை, அடிநாக்கில் தங்கும் இலேசான புளிப்பு, நெஞ்சுவரை நிறைக்கும் மணம். ஐம்பது ஆண்டுகளாக உண்டு வந்த பழத்தின் சுவையை அன்றுதான் அறிந்தேன் என்றால் நம்புவீர்களா?

அந்தப் பழத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சியின் பெயரால் விளங்கும் இவ்வாழை, கீழ்ப்பழனி மலைகளில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தந்து, அவற்றோடு சேர்ந்தே வளர்வது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உயிர் தருவதும் இதுவே. ஈரப்பசை குறைந்த பழமாதலால், ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல் வெல்லம், நெய், தேன், ஏலம் ஆகியவற்றோடு பிசையும்போது நாள்பட்டும் கெடாதிருக்கிறது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் 1970களில் இம்மலைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி, திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தோரும் பிற அறிஞர்களும் மலை உழவர்களோடு உழைத்ததனால்தான் அது மீண்டும் தழைக்கிறது. நாம் எளிதாக உரித்து உண்ணும் பழத்தின் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை!

இழந்தபோது உணர்ந்தவை

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்களில் மக்கள் எதற்காக ஏங்கினார்கள் என்று நினைவுகூருங்கள். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து நாளிதழைப் பங்கிட்டுப் படிப்பதற்கும், சந்தையில் பேரம் பேசுவதற்கும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்காருவதற்கும் அன்றோ ஏங்கினார்கள்!

கொரோனா நோயிலிருந்து தேறிய ஆசிரியை ஒருவர் பல வாரங்கள் மணமே அறியாதிருந்தார். மல்லிகைச் சரத்தை முகர்ந்தாலும் வெறும் நூலை முகர்வது போல இருந்ததாம். ஒரு நாள் காலை, அடுத்த வீட்டில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் மணம் மெல்ல வந்து மூக்கில் ஏறியபோது, அடுக்களைக் கதவைப் பிடித்துக் கொண்டு அழுதுவிட்டதாகச் சொன்னார். நாள்தோறும் நம்மைத் தேடி வரும் மணம்தான் அது. அன்றுவரை அவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இன்றுவரை நாமும் பொருட்படுத்தியதில்லை.

ஒரு குவளை மோர்

தைப்பூசக் காலத்தில் பழனி நோக்கி வரும் சாலைகளெல்லாம் பாதயாத்திரை மக்களால் நிறைந்திருக்கும். வழி நெடுக உள்ள ஊர்களில் சமய வேறுபாடு பாராமல் பலர் மோரும் பானகமும் தந்து உபசரிப்பர். எங்கள் பங்கில், கைம்பெண்களுக்கான உதவித் தொகையில் வாழும் மூதாட்டி ஒருவர், ஆண்டுதோறும் தம் வாசலில் ஒரு பானை மோரோடு நிற்பார். ‘உங்களுக்கே இல்லாத நிலையில் இது எதற்கு அம்மா?’ என்று ஒரு முறை கேட்டேன். அவர் சொன்னார்: “குடிச்சிட்டு ‘அப்பாடா’ன்னு ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க சாமி, அது எனக்குப் போதும். வருஷம் பூராவும் எனக்கு வேற யாரு விருந்தாளி வர்றா?”

கனடா நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. சிலருக்குக் காலையில் ஐந்து அல்லது இருபது டாலர் கொடுத்து, ஒரு சாராரைத் தமக்காகவும், மறு சாராரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தனர். ஐந்தா, இருபதா என்பதில் வேறுபாடே காணப்படவில்லை. அந்த மூதாட்டி மோர்ப் பானையருகே நின்று கண்டறிந்ததையே பல்கலைக்கழகமும் கண்டது!

இல்லத்தில் செய்யத் தக்கவை

இதற்குப் பயிற்சியும் உண்டு. எம்மன்ஸ், மெக்கல்லா என்னும் அறிஞர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி பாராட்டத் தக்க ஐந்து செய்திகள் வரை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களை விடத் தம் வாழ்வைக் குறித்து நிறைவு கொண்டிருந்தனர் என்று காட்டினர். நம் இல்லங்களில் குறிப்பேடு கூட வேண்டியதில்லை. இரவு உணவின்போது கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, ‘இன்று உனக்குப் பிடித்தது எது?’ என்று ஒருவரையொருவர் கேட்டால் போதும். பிள்ளைகள் முதலில் விழிப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களே முந்திக் கொள்வார்கள். மனைவி வைத்த இரசம் நன்றாக இருந்தால், அதை அவருடைய காது கேட்கச் சொல்லுங்கள். கணவர் வீடு திரும்பியதும் வரவு செலவைத் தொடங்காமல், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் வரை பொறுங்கள். முதியோர் ஒரே கதையை ஏழாம் முறை சொன்னாலும் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை.

கொத்தனாரின் கதையை நான் முடிக்கவில்லையே! 2003இல் தடை வந்ததும், மாலையில் போக இடமின்றிச் சில மாதங்கள் அவர் திகைத்துத் திரிந்தார். பிறகு ஒரு ஞாயிறன்று, வேறு வழி தோன்றாமல் மனைவியை அழைத்துக் கொண்டு குளத்தங்கரைக்குச் சென்றார். அது வழக்கமாயிற்று. மழைக்காலத்தில் குளத்தில் நீர் ஏறுவதைப் பார்ப்பார்கள். மலை மேல் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர்வதைப் பார்ப்பார்கள். கடலைப் பொட்டலம் தீர்ந்ததும் எழுந்து வருவார்கள். 2011இல் அந்த அம்மையார் இறந்து போனார்.

இப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அண்மையில் அவரைச் சந்தித்தபோது என் கைகளைப் பற்றிக் கொண்டு சொன்னார்: “எட்டு வருஷம் கிடைச்சது சாமி, அது போதும். ஆனா அதுக்கு முன்னால பதினஞ்சு வருஷம், வாராவாரம் கூப்பிட்டாளே! அதை இனி எந்தச் சீட்டுல போய் வாங்குறது?”

வாசக நெஞ்சங்களே! இந்த இதழை மூடி வைக்கும் வேளையில், உங்கள் வீட்டிலும் யாரேனும் உங்களை ஒரு சிறு காரியத்திற்கு அழைத்துக் கொண்டிருக்கக் கூடும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். எழுந்து செல்லுங்கள், கடலைப் பொட்டலம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.